குளியலறைக்கு ஒரு விசிறி, இரண்டு சான்றிதழ்கள்: இங்கிலாந்தின் பழைய வீடுகளில் சிறு மின்பணிகளுக்கான விதிகள்

இங்கிலாந்தில் வீட்டை விற்க முற்படும் ஒருவர் நிரப்பித் தர வேண்டிய சொத்துத் தகவல் படிவத்தில், 2005 ஜனவரி 1-க்குப் பிறகு வீட்டில் மின்பணி ஏதும் செய்யப்பட்டதா என்ற கேள்வி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தியவர் ‘ஆம்’ என்று எழுதி, எலக்ட்ரீஷியன் அன்று கொடுத்த தாளை இணைத்து அனுப்புகிறார். வாங்குபவரின் சொலிசிட்டரோ (சொத்து விற்பனையைக் கவனிக்கும் வழக்கறிஞர்), தாம் கேட்டது இந்தத் தாள் அல்ல, கட்டட விதிகளுக்கான சான்றிதழ் என்று பதில் எழுதுகிறார். ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் நூறாண்டு பழைமையான வரிசை வீடுகளை வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் குழப்பம் புதிதன்று. ஒரே வேலைக்கு இரண்டு தாள்கள் ஏன் தேவைப்படுகின்றன, எப்போது ஒன்றே போதும், பழைய வீட்டில் இது ஏன் கூடுதலாகச் சிக்கலாகிறது என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சட்டம் ஒன்று, தரநிலை மற்றொன்று

வீட்டு மின்பணிகள் 2005 ஜனவரி 1 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டட விதிகளின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அவ்விதிகளில் மின்சாரத்துக்கு உரிய பிரிவு ‘பார்ட் பி’ எனப்படுகிறது. அது சொல்வது சுருக்கமானது: மின்நிறுவலைப் பயன்படுத்துபவர், பராமரிப்பவர், மாற்றியமைப்பவர் ஆகியோருக்குத் தீயாலோ காயத்தாலோ கேடு நேராதபடி நியாயமான ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும். வேலை பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும், யாருக்கும் அறிவிக்கத் தேவையற்ற வேலையாகவே இருந்தாலும் இந்தக் கடமை உண்டு.

அந்த ‘நியாயமான ஏற்பாடு’ என்ன என்பதை விரித்துச் சொல்வது பி.எஸ். 7671 என்ற தரநிலை. எலக்ட்ரீஷியன்கள் இதை ‘வயரிங் விதிகள்’ என்பார்கள். இதன் 18-ஆம் பதிப்பு 2018-இல் வெளியாகி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது; 2022-இல் வந்த திருத்தமும் முக்கியமானது. இது சட்டம் அன்று. ஆனால் பார்ட் பி கேட்பதை நிறைவேற்றியதற்கு ஏற்கப்பட்ட வழி இதைப் பின்பற்றுவதே என்பதால், நடைமுறையில் சட்டத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது.

இரண்டு தாள்களும் இந்த இரண்டு மூலங்களிலிருந்தே பிறக்கின்றன. பி.எஸ். 7671-இன்படி வேலையை முடித்தவர் சோதித்துப் பார்த்துத் தருவது மின்சான்றிதழ். புதிய மின்சுற்று எதுவும் போடாமல் இருக்கும் சுற்றில் சிறிது சேர்த்தாலோ மாற்றினாலோ தரப்படும் அதன் சுருக்க வடிவம் ‘மைனர் வொர்க்ஸ்’ சான்றிதழ், அதாவது சிறுபணிச் சான்றிதழ். மற்றது கட்டட விதி இணக்கச் சான்றிதழ். அறிவிக்க வேண்டிய வகையைச் சேர்ந்த வேலை கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு முறையாக அறிவிக்கப்பட்டது என்பதை அது காட்டுகிறது. முன்னது வேலையின் தன்மையைப் பற்றியது, பின்னது சட்ட நடைமுறையைப் பற்றியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. சொலிசிட்டர் கேட்டது இந்த இரண்டாவதை.

எதை அறிவிக்க வேண்டும் என்பதை அளவுநாடா சொல்லும்

தொடக்கத்தில் அறிவிக்க வேண்டிய பணிகளின் பட்டியல் நீளமாக இருந்தது. 2013 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் அது மூன்றாகக் குறைக்கப்பட்டது.

1. புதிய மின்சுற்று ஒன்றை அமைத்தல்.
2. கன்ஸ்யூமர் யூனிட்டை, அதாவது ஃபியூஸ் பெட்டியை மாற்றுதல்.
3. ‘சிறப்பு இடம்’ என்று வரையறுக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கும் சுற்றில் சேர்த்தல் அல்லது மாற்றுதல்.

வேல்ஸ் இந்தக் குறைப்பை ஏற்கவில்லை. அங்கே சமையலறைப் பணிகள் பலவும் இன்னும் பட்டியலில் உள்ளன. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பார்ட் பி பொருந்தாது. இனி இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு உரியவை.

மூன்றாவது வகைதான் குளியலறையைத் தொடுகிறது. ஆனால் குளியலறை முழுவதும் சிறப்பு இடம் என்று பலர் நினைத்துக்கொள்வது சரியன்று. குளியல் தொட்டியின் அல்லது ஷவர் தட்டின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 0.6 மீட்டர் வரையும், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரையும் உள்ள வெளி மட்டுமே சிறப்பு இடம். ஷவர் தலை 2.25 மீட்டருக்கு மேலே பொருத்தப்பட்டிருந்தால் எல்லை அந்த உயரத்துக்கு ஏறும். தட்டே இல்லாத ஈர அறையாக இருந்தால் ஷவர் தலையின் நடுப்புள்ளியிலிருந்து 1.2 மீட்டர் என்று கணக்கு. இவற்றுக்கு அப்பால் அதே அறைக்குள் செய்யும் சேர்த்தலுக்கு அறிவிப்புத் தேவையில்லை. பழுதுபார்த்தல், பராமரித்தல், இருந்ததை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றொன்றைப் பொருத்துதல் ஆகியவற்றுக்கு, ஃபியூஸ் பெட்டி மாற்றம் நீங்கலாக, எங்கேயும் தேவையில்லை.

இதைப் பழைய வீட்டில் வைத்துப் பார்த்தால் விளைவுகள் எதிர்பாராதவையாக இருக்கும். விக்டோரியா காலத்து வரிசை வீட்டில் முதல் மாடிப் படுக்கையறை ஒன்றைப் பின்னாளில் குளியலறையாக்கியிருந்தால் கூரை உயரம் 2.7 மீட்டர் அளவுக்கு இருக்கலாம். அங்கே தொட்டிக்கு நேர் மேலே கூரையில் புதிய விளக்கு ஒன்றைப் பதித்தாலும் அது சிறப்பு இடத்துக்கு வெளியே. அதே தெருவில் அடுத்த வீட்டுக் குளியலறை, பின்கட்டில் சரிந்த கூரைக்கு அடியில் இருந்து, தொட்டிக்கு மேல் கூரை 2.1 மீட்டருக்குத் தாழ்ந்திருந்தால், அதே விளக்கு அறிவிக்க வேண்டிய பணியாகிவிடும். தொட்டிக்கு மேல் சுவரில் 2 மீட்டர் உயரத்தில் விசிறி பொருத்தி விளக்குச் சுற்றிலிருந்து இணைப்புக் கொடுப்பது எந்த வீட்டிலும் அறிவிக்க வேண்டியதே. கைகழுவும் தொட்டிக்கு மேல் வரும் ஷேவர் பிளக்கோ கண்ணாடி விளக்கோ குளியல் தொட்டி விளிம்பிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால் உள்ளே, 70 சென்டிமீட்டரில் இருந்தால் வெளியே.

மின்ஷவர் தனிக் கதை. முதன்முறையாகப் பொருத்தினால் அதற்குத் தனிச் சுற்று வேண்டும். ஆகவே முதல் வகையில் சேரும், தூரக் கணக்குக்கே இடமில்லை. பழைய 7.5 கிலோவாட் ஷவரை எடுத்துவிட்டு 10.5 கிலோவாட் ஷவரைப் பொருத்தினால் அறிவிக்கத் தேவையற்ற மாற்றீடு என்று சொல்லிவிடலாம். ஆனால் 240 வோல்ட்டில் முன்னது ஏறத்தாழ 31 ஆம்பியர் இழுக்கும், பின்னது ஏறத்தாழ 44 ஆம்பியர் இழுக்கும். பழைய கேபிளும் சுவிட்சும் ஃபியூஸும் அதைத் தாங்குமா என்று கணக்கிடாமல் மாற்றுவது, அறிவிப்புத் தேவையில்லை என்பதாலேயே பாதுகாப்பானதாகிவிடாது. கட்டட அலுவலகத்துக்கு வேலையில்லாத இடத்தில் எலக்ட்ரீஷியனுக்கு வேலை கூடுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சிறுபணிச் சான்றிதழில் எதைப் படிக்க வேண்டும்

சிறுபணிச் சான்றிதழ் பெரும்பாலும் ஒரே பக்கம். செய்த வேலை, அது எந்தச் சுற்றில் செய்யப்பட்டது, பாதுகாப்புச் சாதனம் எது என்பவற்றுக்கு அடுத்து அளவீடுகள் வரும். எர்த் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா, கம்பிகளின் காப்புத் தடை போதுமா (500 வோல்ட்டில் சோதிக்கும்போது குறைந்தது 1 மெகாஓம்), பழுது நேர்ந்தால் மின்னோட்டம் ஓடக்கூடிய வளையத்தின் தடை, ஃபியூஸ் உரிய நேரத்தில் அறுபடும் அளவுக்குக் குறைவாக உள்ளதா, லைவ், நியூட்ரல் இடம் மாறாமல் உள்ளனவா, ஆர்.சி.டி. வேலை செய்கிறதா.

ஆர்.சி.டி. என்பது உள்ளே போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் இடைவிடாமல் ஒப்பிட்டு, வேறுபாடு தென்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம். உடல் வழியாக எர்த்துக்குக் கசிவதே அந்த வேறுபாடு. குளியலறையில் வேண்டியது 30 மில்லியாம்பியர் வகை. அந்த அளவு கசிவில் 300 மில்லிநொடிக்குள் துண்டிக்க வேண்டும். நனைந்த தோலின் தடை மிகவும் குறைந்துவிடுகிறது, வெறுங்காலும் உலோகக் குழாய்களும் எர்த்துக்கு நல்ல வழி அமைக்கின்றன என்பதால், மற்ற அறைகளில் அதிர்ச்சியோடு போகக்கூடிய தொடுதல் இங்கே உயிரைப் பறிக்கக்கூடும்.

சான்றிதழில் எண்கள் இருக்க வேண்டிய கட்டங்களில் வெறும் டிக் குறிகள் இருந்தால், அல்லது ‘இருக்கும் நிறுவலைப் பற்றிய குறிப்பு’ என்ற கட்டம் 1930-களில் கட்டிய வீட்டிலும் வெறுமையாக இருந்தால், வீட்டுக்காரர் கேள்வி கேட்க வேண்டும். அளக்காமல் எழுதிய சான்றிதழ் வைத்திருப்பது, சான்றிதழே இல்லாததைவிட மோசமானது என்று நான் கருதுகிறேன். இல்லாதவர் ஐயத்தோடாவது இருப்பார்.

பழைய வீட்டில் சிறுபணி ஏன் சிறியதாக நிற்பதில்லை

சுவரில் விசிறியைப் பொருத்துவது அரைநாள் வேலை. ஆனால் பி.எஸ். 7671-இல் ஒரு விதி (132.16) இருக்கிறது: சேர்க்கப்படும் பணியைத் தாங்கும் அளவுக்கு இருக்கும் சாதனங்களின் திறனும் நிலையும் போதுமானவை என்றும், எர்த்தும் பாண்டிங்கும் (உலோகக் குழாய்களையும் எர்த்தையும் கம்பியால் இணைத்தல்) சரியாக உள்ளன என்றும் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் எந்தச் சேர்த்தலும் செய்யக் கூடாது. அதாவது, தாம் போட்ட இரண்டு மீட்டர் கேபிளுக்காகக் கையெழுத்திடும் எலக்ட்ரீஷியன், அந்த இரண்டு மீட்டர் எதை நம்பி நிற்கிறதோ அதையும் பார்த்தாக வேண்டும். பழைய வீட்டுக்காரர்கள் ‘ஒரு விசிறிக்கு இவ்வளவா’ என்று கேட்பது இந்த இடத்தில்தான். கீழ்க்காணும் நான்கும் அடிக்கடி எதிர்ப்படுபவை.

1. விளக்குச் சுற்றில் எர்த் இல்லாமை. 1966-இல் வந்த 14-ஆம் பதிப்புக்கு முன் விளக்குச் சுற்றுகளுக்கு எர்த் கம்பி கட்டாயமாக இருக்கவில்லை. அதற்கு முன் வயரிங் செய்யப்பட்டு மாற்றப்படாத வீட்டில் விளக்கு மாட்டியிருக்கும் இடத்தைத் திறந்தால் இரண்டே கம்பிகள் இருக்கும். விசிறி பிளாஸ்டிக்கால் ஆனது, இரட்டைக் காப்புடையது, அதற்கு எர்த் தேவையில்லை என்ற வாதம் விசிறியைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு முனைக்கும் எர்த் கம்பி கொண்டு செல்லப்பட வேண்டும் என்பது விதி. நாளை அதே இடத்தில் உலோக விளக்கு ஒன்று மாட்டப்படலாம். ஆகவே எர்த் இல்லாத சுற்றை அப்படியே நீட்டிவிட்டு, விதிப்படி அமைந்தது என்று கையெழுத்திட முடியாது.

2. கேபிளின் முதுமை. 1950-களுக்கு முன் பயன்பட்ட ரப்பர் காப்புக் கேபிள்கள் காலப்போக்கில் உலர்ந்து பொடியாகின்றன. தொடாமல் விட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். புதிய இணைப்புக்காக விளக்கின் முனையை இழுத்து வளைக்கும்போது காப்பு உதிர்ந்துவிடும். சிறுபணியே பழுதுக்குக் காரணமாகும் நிலை இது. காப்புத் தடைச் சோதனையை வேலைக்கு முன்னும் பின்னும் செய்வதற்கு இதுவே போதிய காரணம்.

3. ஆர்.சி.டி. இல்லாத ஃபியூஸ் பெட்டி. குளியலறைக்கு மின்சாரம் தரும் சுற்றுகள் அனைத்துக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு வேண்டும் என்று 2008-இல் வந்த 17-ஆம் பதிப்பு கேட்கத் தொடங்கியது. அந்த அறைக்குத் தொடர்பில்லாவிட்டாலும் தொட்டியை ஒட்டிய பகுதி வழியாகச் செல்லும் சுற்றுகளுக்கும் இன்று அது வேண்டும். கம்பி மாற்றும் பழைய ஃபியூஸ்கள் உள்ள பெட்டியில் இதற்கு இடமில்லை. அந்தச் சுற்றுக்கு மட்டும் தனிப் பெட்டியில் ஆர்.சி.டி. வைப்பது ஒரு வழி. பெட்டியையே மாற்றுவது மற்றொரு வழி. ஆனால் அது தன்னளவில் அறிவிக்க வேண்டிய பணி, அதற்குச் சிறுபணிச் சான்றிதழ் போதாது, முழு மின்நிறுவல் சான்றிதழ் வேண்டும்.

4. எர்த்தும் பாண்டிங்கும். சில பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயே எர்த்தாகப் பயன்பட்டது. தெருவில் இரும்புக் குழாயையோ ஈயக் குழாயையோ எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் பதித்த நாளில், அந்த வீட்டின் எர்த் ஓசையில்லாமல் காணாமல் போயிருக்கும். விளக்கும் விசிறியும் வழக்கம்போல வேலை செய்யும் என்பதால் யாருக்கும் தெரிய வராது. விசிறி வேலைக்கு வந்தவரின் மீட்டர்தான் அதை முதலில் காட்டும்.

பாண்டிங் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுவே. ஒரே நேரத்தில் தொடக்கூடிய இரண்டு உலோகங்களுக்கு இடையே, ஒரு கை குழாயிலும் மறு கை சூடேற்றியிலும் இருக்கும்போது, மின்னழுத்த வேறுபாடு எழாமல் இருக்க அவற்றைக் கம்பியால் இணைத்து வைப்பதே பாண்டிங். தண்ணீரும் எரிவாயுவும் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் செய்வது முதன்மைப் பாண்டிங். குளியலறைக்குள் குழாய்களையும் சாதனங்களின் எர்த்தையும் தங்களுக்குள் இணைப்பது துணைப் பாண்டிங். பச்சை–மஞ்சள் கம்பிகள் குழாய்களில் கவ்வியிருப்பதைப் பழைய குளியலறைகளில் பலர் பார்த்திருப்பார்கள்.

இன்றைய விதி மூன்று நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேறினால் துணைப் பாண்டிங்கைத் தவிர்க்க இடம் தருகிறது: அறையின் எல்லாச் சுற்றுகளும் பழுதின்போது உரிய நேரத்தில் துண்டிக்கப்பட வேண்டும், எல்லாச் சுற்றுகளுக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. இருக்க வேண்டும், அறைக்குள் வரும் உலோகக் குழாய்கள் முதன்மைப் பாண்டிங்குடன் பயனுள்ள தொடர்பில் இருக்க வேண்டும். மூன்றாவதை அளந்தே சொல்ல முடியும். குழாய்க்கும் முதன்மை எர்த் முனைக்கும் இடையிலான தடை 1667 ஓமுக்கு மேற்படக் கூடாது. தொடக்கூடிய மின்னழுத்தத்தின் வரம்பான 50 வோல்ட்டை 0.03 ஆம்பியரால் வகுத்தால் வரும் எண் அது. ‘ஆர்.சி.டி. வந்துவிட்டது, பச்சைக் கம்பிகளை வெட்டிவிடலாம்’ என்று சொல்பவர் மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறார்.

யார் எந்த வழியில் சான்றளிக்கலாம்

அறிவிக்க வேண்டிய பணிக்கு மூன்று வழிகள் உண்டு. என்.ஐ.சி.இ.ஐ.சி., நாபிட் போன்ற அமைப்புகளின் தகுதியாளர் திட்டத்தில் பதிவு செய்த எலக்ட்ரீஷியன் தம் வேலைக்குத் தாமே சான்றளிக்கலாம். அவர் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் இணக்கச் சான்றிதழை வீட்டுக்காரருக்குச் சேர்ப்பித்து, கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் தகவல் தர வேண்டும். பெரும்பாலோருக்கு மலிவானதும் எளியதும் இதுவே.

பதிவு செய்யாதவர் வேலை செய்தால், பதிவுபெற்ற மூன்றாம் தரப்புச் சான்றாளர் ஒருவரை வேலை தொடங்கும் முன்பே அமர்த்த வேண்டும். முடிந்த ஐந்து நாட்களுக்குள் அவருக்கு அறிவிக்க வேண்டும். மூன்றாவது வழி, வேலை தொடங்கும் முன் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அறிவித்துக் கட்டணம் செலுத்துவது. வீட்டுக்காரர் தாமே வேலை செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை; ஆனால் அப்போது அவருக்கு உரியவை இந்த இரு வழிகளே, இரண்டுமே முன்கூட்டிச் செய்ய வேண்டியவை.

சான்றிதழ் இல்லாமல் முடிந்துபோன வேலை

வேறொருவர் முன்பு செய்த பணிக்கு, இன்று வரும் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் இணக்கச் சான்றிதழ் தர முடியாது. தாம் செய்ததற்கு மட்டுமே அவர் சான்றளிக்கலாம். அவர் தரக்கூடியது மின்நிறுவல் நிலை அறிக்கை. வீட்டு வயரிங் அன்றைய நாளில் எப்படி இருக்கிறது என்பதைச் சோதித்து, குறைகளை சி1 (உடனடி ஆபத்து), சி2 (ஆபத்தாகக்கூடியது), சி3 (மேம்படுத்தப் பரிந்துரை) எனக் குறிக்கும் அறிக்கை அது. வாடகை வீடுகளுக்கு 2020-இல் வந்த விதிகளின்படி குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை கட்டாயம். பாதுகாப்பைப் பற்றி நம்பகமாகச் சொல்வது இதுவே என்றாலும், விடுபட்ட சட்ட அறிவிப்பை இது ஈடுசெய்யாது.

அதை ஈடுசெய்வது கவுன்சிலிடமிருந்து பெறும் முறைப்படுத்தல் சான்றிதழ். 1985 நவம்பர் 11-க்குப் பிறகு அனுமதியின்றி நடந்த வேலைகளுக்கு இதற்கு விண்ணப்பிக்கலாம். கவுன்சில் வேலையைத் திறந்து காட்டச் சொல்லலாம். ஓடு பதித்த சுவருக்குள் கேபிள் மறைந்திருந்தால் அதன் பொருள் என்ன என்பதை ஊகிக்கலாம். விதிமீறிய வேலையைச் சரிசெய்யும்படி அறிவிப்பு அனுப்பக் கவுன்சிலுக்கு முன்பு 12 மாத அவகாசமே இருந்தது. 2023 அக்டோபர் முதல் அது 10 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டுள்ளது. ‘ஓராண்டு கடந்தால் கேட்க மாட்டார்கள்’ என்ற பழைய ஆறுதல் இன்று செல்லாது.

விற்பனையின்போது பல சொலிசிட்டர்கள் இழப்பீட்டுக் காப்பீடு ஒன்றை வாங்கி இந்தக் கேள்வியை முடித்துவைக்கிறார்கள். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் ஏற்படும் செலவுக்கு மட்டுமே அந்தக் காப்பீடு. எர்த் இல்லாத விசிறி எர்த் இல்லாமலே இருக்கும். வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டாலும், குடிபுகும் முன் நிலை அறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வது அவசியம் என்பேன்.

வேலையை ஒப்படைக்கும் முன்

1. எலக்ட்ரீஷியனின் பெயரை, அவர் சொல்லும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பார்த்து, வீட்டுப் பணிகளுக்குத் தாமே சான்றளிக்கும் உரிமை உள்ளவரா என்று உறுதிப்படுத்த வேண்டும். வேறு வகை உறுப்பினராக இருப்பது அந்த உரிமையைத் தராது.

2. அவர் முன்கூட்டிச் சொல்லும் விலையில் எந்தச் சான்றிதழ்கள் அடங்கும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். ‘சான்றிதழ் உண்டு’ என்ற ஒற்றைச் சொல் போதாது. சிறுபணிச் சான்றிதழா, இணக்கச் சான்றிதழா, இரண்டுமா என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

3. விலை சொல்லும் முன் ஃபியூஸ் பெட்டியையும் முதன்மை எர்த்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். குளியலறையை மட்டும் பார்த்துச் சொல்லும் விலை பழைய வீட்டில் நிலைக்காது.

4. குளியலறையை முழுமையாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர் மின்பணியைத் தம் ஆட்களில் ஒருவரிடம் கொடுப்பதாக இருந்தால், கையெழுத்திடப் போகிறவரே கேபிள் போடும்போது அங்கே இருப்பாரா என்று கேட்க வேண்டும்.

5. ஓடு பதிக்கும் முன், சுவரில் கேபிள் செல்லும் பாதையையும் தொட்டி விளிம்பிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் உள்ள தூரத்தையும் அளவுநாடா தெரியும்படி படமெடுத்து, சான்றிதழ்களோடு சேர்த்து வைக்க வேண்டும்.